செயலி செத்தது, சுவிட்ச் பிழைத்தது: இன்ஸ்டியான், ஏப்ரல் 2022

2022 ஏப்ரல் நடுவில், ஈஸ்டர் வார இறுதியை ஒட்டி, அமெரிக்காவில் பல வீடுகளில் ஒரே தொல்லை தொடங்கியது. வீட்டு விளக்குகளை இயக்கும் செயலியைக் கைபேசியில் திறந்தால் அது இணைப்பைத் தேடிச் சுற்றிக்கொண்டே இருந்தது. அமேசானின் குரல் உதவியாளரான அலெக்சாவிடம் கூடத்து விளக்கைப் போடச் சொன்னால், அந்தச் சாதனம் பதில் சொல்லவில்லை என்று அது கைவிரித்தது. ரவுட்டருக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்த, ஹப் என்ற வெள்ளைப் பெட்டியில் பச்சையாக எரிய வேண்டிய குறிவிளக்கு சிவப்பாக எரிந்தது.

எல்லோரும் முதலில் தங்கள் வீட்டைத்தான் சந்தேகப்பட்டார்கள். ரவுட்டரை அணைத்துப் போட்டார்கள். செயலியை நீக்கி மறுபடி நிறுவினார்கள். சிலர் ஒரு படி மேலே போய், அந்த வெள்ளைப் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்து, அதைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே திருப்பினார்கள். கணினிக்காரர்களிடம் தொலைபேசியில் உதவி கேட்டால் கடைசியில் அவர்கள் சொல்லும் வைத்தியம் அதுதானே. இந்த முறை அதுவே விஷமாயிற்று. அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

வீட்டு விளக்குகளையும் சாதனங்களையும் இணைத்து இயக்கும் அந்த அமைப்பின் பெயர் இன்ஸ்டியான். கலிபோர்னியாவின் இர்வைன் நகரில் இருந்த ஸ்மார்ட்லேப்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. வாடிக்கையாளர்கள் அழைத்தபோது யாரும் எடுக்கவில்லை. பயனர்கள் கூடிப் பேசும் நிறுவனத்தின் சொந்த மன்றம் மறைந்துவிட்டது. சேவை நிலவரத்தைக் காட்டும் இணையப் பக்கம் மட்டும் எல்லாச் சேவைகளும் இயங்குகின்றன என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அதைத் திருத்த ஆள் இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். துப்பறியும் குணமுள்ள சிலர், வேலை விவரங்களைப் பகிரும் லிங்க்டுஇன் தளத்தில் தேடிப் பார்த்தார்கள். தலைமை நிர்வாகி தன் பக்கத்திலிருந்து அந்த நிறுவனத்தின் பெயரையே நீக்கியிருந்தார். ஒரு கம்பெனி மூடிவிட்டது என்ற செய்தி அதன் வாடிக்கையாளர்களுக்கு இப்படியா தெரிய வேண்டும்?

சில நாட்கள் கழித்துத்தான் இணையதளத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. பெருந்தொற்றால் உதிரிபாக வரத்து குலைந்தது, 2021 நவம்பரில் நிறுவனத்தை விற்க முயற்சி தொடங்கியது, 2022 மார்ச்சில் விற்பனை முடியும் என்று எதிர்பார்த்தார்கள், அது நடக்கவில்லை, அதனால் மார்ச்சிலேயே சொத்துகளைக் கையாளும் பொறுப்பு ஒரு நிதிச் சேவை நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சாராம்சம் அவ்வளவுதான். மார்ச்சில் நடந்ததை ஏப்ரலில், அதுவும் சர்வர்கள் அணைந்த பிறகு சொன்னார்கள். ஒரு மாத முன்னறிவிப்பு கிடைத்திருந்தால் பலர் தங்கள் வீட்டு அமைப்பை ஒழுங்காக வேறிடத்துக்கு மாற்றியிருப்பார்கள்.

இந்த நிகழ்வை நான் திரும்பத் திரும்பப் படித்ததற்குக் காரணம் நிறுவனம் மூடியது அல்ல. கம்பெனிகள் மூடுவது புதிதா? இன்ஸ்டியான் வீடுகளில் அன்று எது செத்தது, எது பிழைத்தது என்ற பட்டியல்தான் என்னைப் பிடித்து வைத்தது. கைபேசிச் செயலி, குரல் ஆணை, வெளியூரிலிருந்து வீட்டைப் பார்க்கும் வசதி ஆகியவை செத்தன. சுவரில் இருந்த சுவிட்சுகள் பிழைத்தன. வெறும் ஒரு சுவிட்சுக்கு ஒரு விளக்கு என்ற அளவில் மட்டும் அல்ல. மாடிப்படியின் கீழ்ச் சுவிட்சைத் தட்டினால் மேலே எரியும் விளக்கு, படுக்கையறைப் பலகையில் ஒரே பொத்தானை அழுத்தினால் வீடு முழுவதும் அணையும் ஏற்பாடு, நடமாட்டம் தெரிந்தால் தாழ்வாரத்தில் எரியும் விளக்கு, இவையெல்லாம் எதுவும் நடக்காததுபோல் வேலை செய்தன. ஒரே நிறுவனம், ஒரே வீடு, ஒரே சுவர். ஏன் இந்த வேறுபாடு?

விடை, இன்ஸ்டியான் பிறந்த 2005-க்கும் அதற்கு முன்பும் போகிறது.

வீட்டுச் சாதனங்களை மின்கம்பி வழியாகவே ஆணையிட்டு இயக்கும் யோசனை ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸ் ஊரில் இருந்த பைக்கோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் 1975-இல் பிறந்தது. அவர்களுடைய பத்தாவது திட்டம் என்பதால் எக்ஸ்10 என்று பெயர். சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் கம்பியிலேயே 120 கிலோஹெர்ட்ஸ் அலையில் சிறு சிறு துடிப்புகளை ஏற்றி அனுப்பினால், வேறு மூலையில் இருக்கும் பிளக் அதைக் கேட்டு விளக்கைப் போடும். புதிய கம்பி இழுக்கத் தேவையில்லை. ஆனால் மொத்தம் 256 முகவரிகள்தான். அனுப்பிய ஆணை போய்ச் சேர்ந்ததா என்று பதிலும் வராது. ஒரே மின்மாற்றியைப் பகிரும் பக்கத்து வீட்டுக்காரரும் எக்ஸ்10 வாங்கி, வீட்டுக் குறியாக அவரும் அதே எழுத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அவர் தன் வீட்டு விளக்கைப் போடும்போது உங்கள் வீட்டு விளக்கும் எரியலாம். பேய் வந்துவிட்டது என்று பயந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

இன்ஸ்டியானை வடிவமைத்தவர்கள் இந்தக் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிசெய்தார்கள். எக்ஸ்10 சாதனங்களை விற்றுப் பழகிய கடைக்காரர்கள் அவர்கள். எங்கே எது கோளாறு செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். மின்கம்பியில் 131.65 கிலோஹெர்ட்ஸ், காற்றில் 915 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு வழிகளிலும் செய்தி போகும். ஒன்று தடைபட்டால் மற்றொன்று. அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 முறை ஏறி இறங்குவதால், அழுத்தம் சுழியத்தைக் கடக்கும் கணம் நொடிக்கு 120 முறை வருகிறது. இரைச்சல் அடங்கும் அந்தக் கணத்தில்தான் கம்பியில் செய்தி ஏறும். ஒவ்வொரு சாதனத்துக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு தனி எண். மூன்று பைட் நீளம், அதாவது ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள். செய்தி கேட்ட ஒவ்வொரு சுவிட்சும் அதை ஒரே நேரத்தில் திரும்பச் சொல்லி அடுத்ததற்குக் கடத்தும். கோயில் திருவிழாவில் முன்வரிசையில் ஒருவர் சொன்னதைப் பின்வரிசை சேர்ந்து முழங்குவதைப்போல. சாதனங்கள் கூடக் கூடச் சத்தம் பலப்படும். போய்ச் சேர்ந்ததும் பதில் வரும்.

இதைவிட முக்கியமான முடிவு ஒன்று இருந்தது. எந்தப் பொத்தான் எந்த விளக்கை ஆட்டுவிக்கிறது என்ற நினைவை அவர்கள் எந்த மையப் பெட்டியிலும் வைக்கவில்லை. ஒவ்வொரு சுவிட்சும் தன்னிடமே ஒரு பட்டியல் வைத்திருக்கும்: நான் யாருக்குச் சொல்ல வேண்டும், யார் சொன்னால் நான் கேட்க வேண்டும், கேட்டால் எவ்வளவு வெளிச்சத்துக்குப் போக வேண்டும். இரண்டு சுவிட்சுகளை இணைக்கச் செயலியோ கணினியோ வேண்டாம். முதல் சுவிட்சின் பொத்தானை ஒரு பீப் ஒலி வரும்வரை அழுத்திப் பிடியுங்கள். இரண்டாவதிலும் அப்படியே செய்யுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தெரிந்துகொண்டுவிடும். 2005-இல் வீட்டுக்கு வீடு ஸ்மார்ட்போன் கிடையாது. அதனால் வேறு வழியில்லாமல் இப்படிச் செய்தார்கள் என்றும் சொல்லலாம். எதனால் செய்தார்களோ, 17 ஆண்டுகள் கழித்து அந்த வீடுகள் இருளில் மூழ்காமல் காப்பாற்றியது அந்த முடிவுதான்.

செயலி இதன் மேல் பின்னால் வந்து உட்கார்ந்தது. ஐபோன் வந்தபின், வீட்டைக் கைபேசியில் இயக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். இன்ஸ்டியான் முதலில் விற்ற ஸ்மார்ட்லிங்க் என்ற பெட்டி, வீட்டு வலைப்பின்னலுக்குள்ளேயே ஒரு சிறு இணையப் பக்கத்தைக் காட்டியது. கைபேசியில் அதைத் திறந்து விளக்கைப் போடலாம். வீட்டுக்குள் இருக்கும்வரை சரி. அலுவலகத்திலிருந்து வீட்டைத் தொட வேண்டும் என்றால்தான் சிக்கல். வீட்டு ரவுட்டர் வெளியிலிருந்து வரும் அழைப்பை உள்ளே விடாது. அதன் வேலையே அது. ரவுட்டரில் வாசல் திறந்துவிடும் வித்தை தெரிந்தவர்கள் சமாளித்தார்கள். மற்றவர்களுக்கு அது எட்டாக் கனி.

இதற்குத் தொழில்துறை முழுவதும் கண்ட வழி ஒன்றே. வெளியிலிருந்து உள்ளே வர முடியாது; ஆனால் உள்ளிருந்து வெளியே போகலாம். ஆகவே வீட்டில் இருக்கும் ஹப், நிறுவனத்தின் சர்வருக்குத் தானே ஓர் இணைப்பை ஏற்படுத்தி அதை அறுந்துபோகாமல் பிடித்துக்கொண்டிருக்கும். கைபேசியும் அதே சர்வருக்குப் போகும். சர்வர் நடுவில் நின்று, ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்லும். படுக்கையில் படுத்துக்கொண்டு மூன்றடி தள்ளி இருக்கும் விளக்கைச் செயலியில் அணைக்கிறீர்கள். விரல் பட்ட அந்த ஆணை வைஃபை வழியாக ரவுட்டருக்கு, அங்கிருந்து எங்கோ ஒரு மாநிலத்தில் இருக்கும் தரவு மையத்துக்கு, அங்கிருந்து அதே ரவுட்டருக்குத் திரும்பி, ஹப்புக்கு, ஹப்பிலிருந்து மின்கம்பிக்கும் காற்றுக்கும், கடைசியில் சுவிட்சுக்கு. எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவதால் இடையில் ஒருவர் நிற்கிறார் என்பது நமக்குத் தெரிவதில்லை. 2022 ஏப்ரலில் அந்த நடு ஆள் எழுந்து போய்விட்டார்.

அவர் ஏன் போனார் என்பதற்கு என் கணக்கு எளிமையானது. ஹப்பை ஒருமுறை விற்கிறார்கள். பணம் ஒருமுறை வருகிறது. அந்த ஹப் உயிரோடு இருக்கும்வரை சர்வருக்கு மாதாமாதம் செலவு. இன்ஸ்டியான் செயலிக்குச் சந்தா வாங்கவில்லை. புதிய ஹப் விற்றுக்கொண்டே இருந்தால்தான் பழைய ஹப்புகளின் செலவைக் கட்ட முடியும். விற்பனை நின்ற நாளில் கணக்கு கவிழும். இலவசம் என்று நாம் மகிழ்ந்த செயலிக்கு, நமக்குப் பின்னால் வாங்கியவர் பணம் கட்டிக்கொண்டிருந்தார்.

செத்தவற்றில் நான் அதிகம் கவலைப்பட்டது விளக்குகளைப் பற்றி அல்ல. விளக்கு எரியாவிட்டால் உடனே தெரியும். தண்ணீர்க் கசிவைக் கண்டுபிடிக்கும் உணரி ஒன்றை இன்ஸ்டியான் விற்றது. துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அடியில் வைத்தால், தரையில் ஈரம் பட்டதும் கைபேசிக்குச் செய்தி வரும். அந்தச் செய்தியும் சர்வர் வழிதான். சர்வர் போன பிறகும் உணரி தன் கடமையைச் செய்யும், ஹப்பிடம் சொல்லும், ஹப் சொல்ல ஆள் இல்லாமல் நிற்கும். வீட்டுக்காரருக்கோ செய்தி வரவில்லை என்றால் கசிவு இல்லை என்றுதான் பொருள். குளிர்காலத்தில் பூட்டிவிட்டு வெளியூர் போகும் வீடுகளில் வெப்பநிலையைத் தூரத்திலிருந்து கவனிப்பவர்களுக்கும் இதே கதி. செயலி நம்பிய காவல் வேலைகளில் இப்படி ஒரு குணம் உண்டு: அவை சாகும்போது சத்தம் போடுவதில்லை.

இனி அந்தப் பொத்தானுக்கு வருவோம். ஹப்பைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பியவர்கள் என்ன இழந்தார்கள்? வீட்டில் எந்தெந்தச் சாதனத்தோடு பேச வேண்டும் என்று ஹப் வைத்திருந்த பட்டியலை அழித்துவிட்டார்கள். அதை மீண்டும் அமைத்துத் தர வேண்டிய செயலிக்குச் சர்வர் வேண்டும். சர்வர் இல்லை. பெட்டி வெறும் பெட்டியானது. எதையும் தொடாமல் சும்மா இருந்தவர்களின் ஹப், சர்வரை இழந்தாலும் வீட்டை மறக்கவில்லை. சோம்பேறிகளுக்கு ஒரு நல்ல காலம்.

ஏனென்றால் அந்த ஹப்புக்கு இன்னொரு வாசல் இருந்தது. வீட்டு வலைப்பின்னலுக்குள் இருந்து 25105 என்ற எண்ணுள்ள துறை (போர்ட்) வழியாக அதனுடன் நேராகப் பேசலாம். அதற்கான பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ஹப்பின் அடியில் ஒட்டிய சீட்டிலேயே அச்சாகியிருந்தன. ஆண்டுக்கணக்கில் பெரும்பாலோர் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. நிறுவனம் அந்த வாசலை அடைக்காமல் விட்டது கருணையா, கவனக்குறைவா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டில் எதுவானாலும் நன்றி சொல்ல வேண்டியதுதான்.

அந்த வாசலைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் ஹோம் அசிஸ்டண்ட் என்ற திறமூல மென்பொருளை, அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருளை, எழுதுபவர்கள். பாலஸ் ஷவுட்சன் 2013-இல் தொடங்கிய திட்டம் அது. உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெர்ரி பை கணினியில்கூட ஓடும், வீட்டுக்குள்ளேயே இருக்கும், வெளிச் சர்வர் தேவையில்லை. இன்ஸ்டியான் அணைந்த சில நாட்களில், ஏப்ரல் 19 அன்று, இன்ஸ்டியான் பயனர்களை வரவேற்று அவர்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். ஹப்பைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடாதீர்கள் என்ற எச்சரிக்கையும் பரவியது. அதற்குள் சிலர் திருப்பிவிட்டிருந்தார்கள் என்பதுதான் வருத்தம். அவர்களும் ஒவ்வொரு சுவிட்சாகப் போய்ப் பொத்தானை அழுத்திப் பிடித்து, 2005-ஆம் ஆண்டு முறைப்படி ஹப்போடு மீண்டும் இணைக்கலாம். ஐந்து சுவிட்ச் என்றால் ஒரு மாலை வேலை. ஐம்பது என்றால் அந்த வீட்டில் அன்று யாரும் யாரோடும் பேசியிருக்க மாட்டார்கள்.

ஹோம் அசிஸ்டண்ட் எல்லோருக்கும் ஆனது என்று சொல்ல மாட்டேன். அமைக்கப் பொறுமை வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு வரும். அமைத்தவர் ஊருக்குப் போயிருக்கும்போது அது நின்றுவிட்டால் வீட்டில் மற்றவர்கள் தவிப்பார்கள். நிறுவனத்தின் சர்வரை நம்பிய இடத்தில் இப்போது வீட்டிலுள்ள ஒரு மனிதரை நம்புகிறோம். ஆனாலும் அந்த மனிதர் சொல்லாமல் கொள்ளாமல் கடையை மூடிவிட்டுப் போக மாட்டார்.

இன்ஸ்டியானுக்கு முன்பே இந்த நாடகம் ஒருமுறை அரங்கேறியிருந்தது. கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் உருவான ரிவால்வ் என்ற ஹப், விலை 300 டாலர் அளவில். சேவை ஆயுள் முழுவதும் என்று சொல்லி விற்றார்கள். 2014-இல் கூகுளின் நெஸ்ட் நிறுவனம் அதை வாங்கி விற்பனையை நிறுத்தியது. 2016 மே 15 அன்று சர்வரை அணைத்தது. ஹப்பும் செயலியும் அன்றோடு வேலை செய்யாமல் போயின. கூகுள் திவாலாகவில்லை, பணம் இல்லை என்று சாக்குச் சொல்ல வழியில்லை. வாங்கியவர்கள் கொதித்தெழுந்த பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் விசாரித்து, 2016 ஜூலையில் நடவடிக்கை எடுக்காமல் கோப்பை மூடியது. ஆனால் விற்ற சாதனத்தை நிறுவனமே ஒருதலையாகச் செயலிழக்கச் செய்வது நுகர்வோருக்குப் பெரும் தீங்காகலாம் என்ற கவலையைக் கடிதத்தில் பதிவு செய்தது. ஆயுள் என்று அவர்கள் சொன்னது யாருடைய ஆயுள் என்று வாங்கியவர்கள் கேட்கவில்லை.

நல்ல முன்மாதிரியும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. பிலிப்ஸ் ஹியூ விளக்குகளின் முதல் தலைமுறைப் பெட்டி 2012-இல் வந்தது. 2020 ஏப்ரல் 30-க்குப் பிறகு அதற்கு இணையச் சேவை கிடையாது என்று அறிவித்தார்கள். ஆனால் முன்கூட்டியே சொன்னார்கள். வீட்டு வலைப்பின்னலுக்குள் விளக்குகளை இயக்க ஒரு தனிச் செயலியை விட்டுவைத்தார்கள். வெளியூரிலிருந்து இயக்க முடியாது, குரல் ஆணை வேலை செய்யாது. வீட்டில் இருந்தால் விளக்கு எரியும். ஒரு சேவையை நிறுத்துவதில் மரியாதையான முறை என்று ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான். விங்க் நிறுவனம் 2020 மே மாதம் செய்தது இதற்கு நேரெதிர். அதுவரை இலவசமாக இருந்த சேவைக்கு மாதம் 4.99 டாலர் கட்டுங்கள், இல்லையேல் ஒரு வாரத்தில் சாதனங்களைத் தொட முடியாது என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் தேதியைத் தள்ளிவைத்தார்கள். ஜூலையில் வாங்கத் தொடங்கினார்கள்.

நிறுவனம் மூட வேண்டும் என்றுகூட இல்லை. 2021 டிசம்பர் 7 அன்று, பல நிறுவனங்களுக்குச் சர்வர்களை வாடகைக்கு விடும் அமேசானின் இணையச் சேவை அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் சில மணி நேரம் தடுமாறியது. அந்தச் சில மணி நேரம் ரிங் அழைப்புமணிக் கேமராக்களும், தரை பெருக்கும் ரூம்பா இயந்திரங்களின் செயலியும் படுத்துவிட்டன. வீட்டுத் தரையைப் பெருக்க விர்ஜினியாவின் தரவு மையம் நலமாக இருக்க வேண்டும் என்பதை அன்று பலர் முதன்முதலாகத் தெரிந்துகொண்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டுக்கு வரும் இணையக் கம்பியை ரவுட்டரிலிருந்து பிடுங்கினேன். வைஃபை இருந்தது, வெளியுலகம் இல்லை. என் வீட்டில் செயலியில் இயங்கும் பிளக்குகள் மூன்று. மூன்றும் வெவ்வேறு பெயரில் வாங்கியவை. இரண்டு உடனே செயலியில் சாம்பல் நிறமாயின. ஒன்று மட்டும் சொன்னதைக் கேட்டது. வாங்கும்போது அட்டைப்பெட்டியில் மூன்றிலும் ஒரே வாசகங்கள்தான் இருந்தன. எது வீட்டுக்குள்ளேயே பேசும், எது வெளியே போய்த் திரும்பும் என்று எதிலும் எழுதவில்லை. இந்தியச் சந்தையில் பல பெயர்களில் விற்கும் பிளக்குகளுக்கும் விளக்குகளுக்கும் பின்னால் சீனத்தின் ஹாங்சௌ நகரிலுள்ள டூயா போன்ற ஒரே நிறுவனத்தின் சர்வரும் மென்பொருளும் இருக்கலாம் என்பதையும் பெட்டி சொல்லாது.

இன்னொரு பாடம் அம்மாவிடம் கிடைத்தது. வராந்தாவில் செயலியில் இயங்கும் விளக்கு ஒன்று மாட்டியிருந்தேன். அது வேலை செய்ய வேண்டுமென்றால் சுவரிலுள்ள சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். அணைத்தால் விளக்குக்குள் இருக்கும் சிறு கணினிக்கும் மின்சாரம் போய்விடும். அதனால் சுவிட்சின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டினேன்: அணைக்காதீர்கள். "நாற்பது வருடமாக நான் அணைத்துப் போட்ட சுவிட்ச். அதைத் தொடாதே என்று எழுதி ஒட்டிவிட்டு, இதற்குப் பெயர் வசதி என்கிறாய்" என்றார் அம்மா. பதில் சொல்ல முடியவில்லை. அறிவை விளக்குக்குள் வைத்தால் சுவிட்ச் எதிரியாகிறது. அறிவைச் சுவிட்சுக்குள் வைத்தால், அம்மா தட்டினாலும் எரியும், செயலி சொன்னாலும் எரியும். இன்ஸ்டியான் இரண்டாவது வழியில் போனது. விலை அதிகம், மின்பணியாளர் வந்து மாட்ட வேண்டும், பெரும்பாலும் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் கம்பியும் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) இருக்க வேண்டும். ஆனாலும் செயலி செத்த அன்று அந்த வீடுகளில் யாரும் இருட்டில் தடவவில்லை. வராந்தா விளக்கைக் கழற்றிவிட்டுச் சாதாரண எல்இடி விளக்கு மாட்டிவிட்டேன்.

தொழில்துறையும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. 2022 அக்டோபரில், இன்ஸ்டியான் அணைந்த ஆறு மாதத்தில், மேட்டர் என்ற பொது விதிமுறையின் முதல் பதிப்பு வெளியானது. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லோரும் அதில் சேர்ந்திருக்கிறார்கள். மேட்டர் சாதனம் வீட்டு வலைப்பின்னலுக்குள்ளேயே ஆணையைக் கேட்கும். ஒரே விளக்கை ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் செயலிகளோடு சேர்த்துக்கொள்ளலாம். ஒருவர் கடையை மூடினால் மற்றவர் இருப்பார். சட்டத்தின் வேகம் மெதுவானது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தில் இணையும் சாதனத்தை விற்பவர் பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை காலம் தருவார் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் அலுவலர்கள் 2024 நவம்பரில் 184 சாதனங்களின் இணையப் பக்கங்களைப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 89 சதவீதம் மென்பொருள் ஆதரவு எத்தனை காலம் என்பதைச் சொல்லவே இல்லை. பால் பாக்கெட்டில் தேதி போடுகிறோம்.

இன்ஸ்டியானின் கதை ஏப்ரலோடு முடிந்திருந்தால் இது வெறும் இரங்கல் குறிப்பாகியிருக்கும். 2022 ஜூன் தொடக்கத்தில், மூலையில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்த ஹப்புகள் சில வீடுகளில் திடீரென்று பச்சையாயின. செயலி திறந்தது. இந்த முறையும் முன்னறிவிப்பு இல்லை. கெட்ட செய்திக்குச் சொல்லாதவர்கள் நல்ல செய்திக்குச் சொல்வார்களா என்று பழைய பயனர்கள் முணுமுணுத்திருப்பார்கள். பிறகு மின்னஞ்சல் வந்தது. இன்ஸ்டியானை விரும்பிப் பயன்படுத்தி வந்த ஒரு சிறு குழுவே நிறுவனத்தை வாங்கிவிட்டது என்று அதில் அந்தக் குழுவைச் சேர்ந்த கென் ஃபேர்பேங்க்ஸ் எழுதியிருந்தார். தன் வீட்டு விளக்கு எரிய வேண்டும் என்பதற்காகக் கம்பெனியையே வாங்கியவர்கள் என்று இதை வேடிக்கையாகச் சொல்வார்கள். முழுக்க வேடிக்கை இல்லை.

புதிய உரிமையாளர்கள் முதலில் செய்தது பழையவர்கள் செய்யத் தயங்கியதை. சர்வருக்குச் செலவாகும், அதனால் ஹப் வழியாகச் செயலியைப் பயன்படுத்த ஆண்டுக்கு 39.95 டாலர் சந்தா என்றார்கள். விங்க் கேட்டபோது வந்த அளவுக்குக் கோபம் இங்கே வரவில்லை. இரண்டு மாதம் செயலி இல்லாமல் வாழ்ந்து பார்த்தவர்களுக்கு அதன் விலை எவ்வளவு என்று தெரிந்திருந்தது. சிலர் கட்டினார்கள். சிலர் ஏப்ரலிலேயே ஹோம் அசிஸ்டண்டுக்குப் போய்விட்டதால் திரும்பவில்லை. அவர்களும் புதிய நிறுவனம் மீண்டும் செய்யத் தொடங்கிய சுவிட்சுகளை வாங்கினார்கள், செயலியை மட்டும் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது ஒரு கூட்டமும் இருக்க வேண்டும். செயலி போனதையும் திரும்பி வந்ததையும் கவனிக்காமலே, ஒவ்வொரு மாலையும் சுவரில் அதே இடத்தைத் தட்டி விளக்கைப் போட்டுக்கொண்டிருந்த வீடுகள்.